பாவனையாளர் தவறு

யசோதராவின் காருக்கு வரண்டி முடிய இன்னும் ஐந்து கிழமை இருந்தது. மின்சாரக் கார், மூன்று வருடப் பழசு. பற்றரியிலோ மோட்டாரிலோ ஒரு குறையும் இல்லை. தொல்லை தந்ததெல்லாம் சில்லறைப் பிழைகள்தான். வேகம் அறுபதைத் தாண்டினால் டாஷ்போர்டுக்குள் ஏதோ கடகடக்கும். சார்ச் ஏற்றும் இடத்து மூடி நினைத்தால் பூட்டும், நினைத்தால் பூட்டாது. மூன்றாவதுதான் அவளைப் படாத பாடு படுத்தியது. அந்தக் காரின் கைப்பிடிகள் கதவோடு மட்டமாக உள்ளே பதிந்திருக்கும். திறப்புச் சாவியோடு கிட்டப் போனால் தாமாக வெளியே வரவேண்டும். உறைபனி விழுந்த காலைகளில் சாரதிப் பக்கத்துக் கைப்பிடி வராது.

சுவிஸில் லுசேர்ண் நகரை ஒட்டிய கிரியன்ஸில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை அவளுக்கு. ஆறரைக்கு முதல் வீடு. தனியாக இருக்கும் ஒரு கிழவருக்கு இன்சுலின் போடவேண்டும். சாரதிப் பக்கம் திறக்காத நாட்களில் மற்றக் கதவால் ஏறி, ஐம்பது வயதில், முழங்காலை மடக்கி சீற்றுக்குச் சீற்று தாவிப் பழகியிருந்தாள். ஜனவரிக் கடைசியில் ஒரு காலை மற்றக் கதவும் திறக்கவில்லை. அவள் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது ஏழு பத்து. கிழவர் பசி பொறுக்காமல் பாணும் ஜாமும் சாப்பிட்டு முடித்திருந்தார். இரத்தத்தில் சீனி கண்டபடி ஏறியிருந்தது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேலதிகாரி அவளுடைய கோப்பில் எழுத்தில் ஒரு குறிப்பு வைத்தாள். பத்தொன்பது வருட வேலையில் அதுதான் முதல் குறிப்பு.

அன்றே, பனி உருகிக் கதவு திறந்ததும், காரைக் கராஜுக்குக் கொண்டுபோனாள். வரவேற்பு மேசையில் பிரவீனன் இருந்தான். அவளுடைய சிநேகிதி வேணுகாவின் மூத்த மகன். அகதி முகாமில் யசோதராவும் வேணுகாவும் ஒரே அறையில் பதினொரு மாதம் இருந்தவர்கள். வேணுகா வேலை தேடிப் போன நாட்களில் இவனைத் தூக்கி வைத்திருந்தது யசோதராதான். டிசம்பரில்தான் இந்த வேலையில் சேர்ந்திருந்தான்.

"அன்ரி, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்," என்றான். அவள் மூன்று பிழையையும் சொன்னாள். குளிரில் மட்டும்தான் கைப்பிடி வராது என்பதை இரண்டு தரம் சொன்னாள்.

மாலையில் சிரித்த முகத்தோடு திறப்பைக் கொடுத்தான். "எல்லாம் பாத்தாச்சு அன்ரி. இப்ப பிரச்சினை இல்லை." கூடவே ஒரு கடித உறை.

வீட்டில் போய் உறையைப் பிரித்தாள். ஜெர்மன் வாசிக்க அவளுக்கு ஒருவர் துணையும் தேவையில்லை. 'பிழை எதுவும் காணப்படவில்லை. கதவுக் கைப்பிடி: பாவனையாளர் தவறு. சரியான பாவனை வாடிக்கையாளருக்கு விளங்கப்படுத்தப்பட்டது.' கீழே பிரவீனனின் கையெழுத்து. ஒருவரும் அவளுக்கு ஒன்றும் விளங்கப்படுத்தியிருக்கவில்லை.

"விடுமப்பா," என்றான் கணவன் தயாபரன். "வேணுகாவின்ர பெடியன். ஒரு கைப்பிடிக்காக அவனோட சண்டைக்குப் போறீரோ?"

"சண்டை இல்லை. எனக்குக் கதவு திறக்கத் தெரியாது எண்டு எழுதியிருக்கிறான்."

அடுத்த காலையும் கைப்பிடி வரவில்லை. பிரவீனனுக்குப் போன் எடுத்தாள்.

"குளிருக்க எல்லாக் காரும் அப்பிடித்தான் அன்ரி. கையால ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கோ."

"அப்ப ஏன் பாவனையாளர் தவறு எண்டு எழுதினனீ?"

"அது சும்மா ஒரு வசனம் அன்ரி."

"வரண்டி முடிஞ்ச பிறகு அந்தச் சும்மா வசனத்தைத்தான் எனக்குத் தூக்கிக் காட்டுவீங்கள்."

அவன் வேறு ஆள் காத்திருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

பெப்ரவரி முதல் கிழமையில் வானிலைச் செய்தி மைனஸ் ஏழு என்றது. அடுத்த நாள் அவளுக்கு லீவு. மாலையே காரைக் கொண்டுபோய்க் கராஜின் திறந்த முற்றத்தில் விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு வந்தாள். காலை கராஜ் திறக்கிற நேரம் வாசலில் நின்றாள். பிரவீனனைக் கண்டதும் திறப்பை நீட்டி, "இந்தா தம்பி, திற," என்றாள்.

அவன் கிட்டப் போனான். கைப்பிடி வரவில்லை. திறப்பின் பொத்தானை அமத்தினான். கதவை உள்ளங்கையால் தட்டினான். வரவில்லை. மெக்கானிக்குகள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். கடைசியில் முதலாளி ஹெர் அம்ரைன் கோப்பிக் கோப்பையோடு வெளியே வந்தார். தானும் தட்டிப் பார்த்தார். யசோதரா அறிக்கையை நீட்டினாள். அவர் அதை எல்லோருக்கும் கேட்கச் சத்தமாக வாசித்தார்.

"இதையா எழுதினாய்? குளிரில் வருகிற பிழையைச் சூடான மண்டபத்துக்குள் வைத்துப் பார்த்தாயா?" என்று பிரவீனனிடம் கேட்டார்.

பிரவீனன் முதலாளியின் முகத்தைப் பார்த்தான். பிறகு அறிக்கையை வாங்கி மடித்தான். காதுமடல் சிவந்திருந்தது. குளிரால் மட்டுமில்லை என்று யசோதராவுக்குத் தெரிந்தது. வென்றுவிட்டோம் என்ற நினைப்பு அவளுக்குள் ஒரு கணம் இனித்தது. அதை அவள் பிற்பாடு மறுக்கவில்லை.

முதலாளி அவளிடம் மன்னிப்புக் கேட்டு மாற்றுக் கார் கொடுத்தார். மூன்றாம் நாள் மூன்று பிழையும் திருத்தி, காரைக் கழுவி, சீற்றில் ஒரு சொக்கிளேற் பெட்டியும் வைத்திருந்தார்கள். காரை எடுக்கப் போனவளுக்குப் பின்னால் பிரவீனன் முற்றத்துக்கு வந்தான்.

"அன்ரி, வரண்டி வேலைக்குக் கார்க் கம்பனி காசு குடுக்கிற நேரம் காணாது. சில்லறைப் பிழையெண்டால் முதல் தரம் பிழை இல்லையெண்டு எழுதச் சொன்னது முதலாளிதான். அரைவாசிப் பேர் திரும்பி வரமாட்டினமாம்."

"அண்டைக்கு அவருக்கு முன்னால அதைச் சொல்லியிருக்கலாமே?"

"இந்த மாதக் கடைசி வரைக்கும் எனக்குத் தகுதிகாண் காலம்."

"சரி, எனக்காவது தமிழில ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

அவன் நிலத்தைப் பார்த்தான். "நீங்கள் பேசாமல் விட்டிடுவீங்கள் எண்டு நினைச்சன். எங்கட ஆக்கள் விட்டிடுவினம்."

அவளுக்குச் சுருக்கென்றது. அவளைத் தெரிந்ததால்தான், தன்னைத் தூக்கி வளர்த்தவள் என்பதால்தான், அவளிடம் துணிந்து எழுதியிருக்கிறான். வேற்றாள் ஒருவராக இருந்திருந்தால் இரண்டு தரம் யோசித்திருப்பான். காரில் ஏறி வந்துவிட்டாள்.

மாதக் கடைசியில் பிரவீனனை நிறுத்திவிட்டார்கள். தயாபரன்தான் வேறு யாரோ சொல்லக் கேட்டு வந்து சொன்னான். 'நான் அப்பவே சொன்னனான்' என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் அன்றே ஹெர் அம்ரைனுக்குக் கடிதம் எழுதினாள். அந்த வசனம் அந்தப் பெடியனின் சொந்த வசனம் இல்லை என்று தனக்குத் தெரியும், அவனைத் திரும்ப எடுக்கவேண்டும் என்று ஒரு பக்கம் நிறைய எழுதினாள். நாலாம் நாள் மின்னஞ்சலில் பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி; ஊழியர் விடயங்கள் பற்றி வெளியாருடன் கதைப்பதில்லை; எங்கள் சேவையில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி என்று ஐந்து நட்சத்திரங்களில் தெரிவிக்கவும். உங்களைக் கவனித்தவர் என்ற இடத்தில் பிரவீனனின் பெயர் இன்னும் இருந்தது. ஐந்தையும் அமத்தினாள். அது யாரிடம் போகும் என்று அவளுக்குத் தெரியாது.

வேணுகா அந்த ஞாயிறு போன் எடுத்தாள். யசோதரா சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள்: கிழவர், கோப்பில் ஏறிய குறிப்பு, அறிக்கை, முதலாளி, எழுதிய கடிதம். வேணுகா அதொன்றையும் கேட்கவில்லை.

"கார் திருத்தியாச்சுதோ?"

"ஓம் வேணு, ஆனா..."

"மூண்டு பிழையும்?"

"ஓம்."

"சந்தோசம்," என்றாள் வேணுகா.

தொடர்பு அறுந்தது. யசோதரா திரும்ப எடுத்தாள். அடுத்த நாளும், அடுத்த கிழமையும் எடுத்தாள். சித்திரை வருடப்பிறப்புக்கும் எடுத்தாள். மணி போனதே தவிர வேணுகா எடுக்கவில்லை.