மனசுல படறதைச் சத்தமாச் சொல்லுங்க

தையலக்காவின் வீட்டில் மொத்தம் ஆறு பேர். வாடகை ஒப்பந்தத்தின்படி மூன்று பேர். மிச்சப் பேர் மாடியில் குடியிருக்கும் வீட்டு ஓனரின் கண்ணில் படாமல் பல் தேய்த்து, குளித்து, சாப்பிட்டு, சண்டையும் போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டையை மட்டும் கிசுகிசுப்பாகப் போட வேண்டியிருந்தது.

தங்கை, வேலை போனதும், “ஒரு வாரம்தான்க்கா” என்று இரண்டு பிள்ளைகளோடு வந்தவள். எந்த வாரம் என்று அவளும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. அக்காவின் கணவர் பஸ் கண்டக்டர். “உள்ள தள்ளிப் போங்க, இடம் இருக்கு” என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். அக்காவின் மகளுக்குத்தான் படுக்கையில் பாதி போயிற்று. அவளும் ராத்திரி கதை பேச ஆள் கிடைத்ததென்று விட்டுக்கொடுத்துவிட்டாள்.

அந்த வீட்டுக்குத்தான் புள்ளிவிவரத் துறையிலிருந்து கடிதம் வந்தது. குடும்பக் கணக்கெடுப்புக்கு உங்கள் வீடு குலுக்கலில் தேர்வாகியிருக்கிறது, வெள்ளிக்கிழமை எங்கள் ஊழியர் வந்து வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பார், மற்ற விவரங்களை இணையதளத்தில் காண்க. தையலக்காவுக்கு வாழ்க்கையில் எந்தக் குலுக்கலிலும் எதுவும் விழுந்ததில்லை. இது விழுந்தது.

“சொன்னா ஓனர் காதுக்குப் போயிடுமாடி?”

“போகாம? கவர்மென்ட்டுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரிதானே. அன்னிக்கு நான் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு பூங்காவுக்குப் போயிடறேன்க்கா.”

“மழை வந்தா?”

“நனையறோம்.”

இந்தக் கவலையோடு அக்கா தன் தையல் கடையில் உட்கார்ந்திருந்தபோது, பேன்ட்டின் நீளத்தைக் குறைக்க வாய்ப்பூட்டு வந்தான். அவன் அதே புள்ளிவிவரத் துறையில் இணையதளப் பரிசோதகன். ஜனங்களைக் கணினி முன்னால் உட்காரவைத்து, “இந்த விவரத்தைக் கண்டுபிடிங்க” என்று சொல்லிவிட்டு, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பார்க்க மட்டும்தான் வேண்டும். உதவக் கூடாது, தலையாட்டக் கூடாது, கண்ணைக் கூடக் காட்டக் கூடாது. பிறவி வாயாடி ஒருவனை எப்படியோ தேடிப் பிடித்து இந்த வேலையில் போட்டிருந்தார்கள். வாய்ப்பூட்டு என்பது அலுவலகத்தில் அன்போடு வைத்த பெயர்.

“அக்கா, நாளைக்கு எங்க ஆபீசுக்கு வர முடியுமா? வர்றேன்னு சொன்ன ஆள் கைவிட்டுட்டாரு. சும்மா எங்க இணையதளத்துல ஒரு விஷயம் தேடணும், அவ்வளவுதான்.”

“எனக்கு அதெல்லாம் தேடத் தெரியாதே தம்பி.”

“அப்படிப்பட்ட ஆளுதான்க்கா வேணும்” என்றான். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டது என்று புரிந்தது. அதை விளக்கப் போய் இன்னும் மோசமாக்கினான்.

அக்கா அதைக் கவனிக்கவில்லை. யாரிடமும் வாய்விட்டுக் கேட்காமலே தன் கேள்விக்குப் பதில் பார்த்துவிடலாம் என்று அவர் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. “வர்றேன்” என்றார்.

பரிசோதனை அறையில் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு மைக். மைக்கில் பேசுவது பக்கத்து அறையில் கேட்கும். அங்கே துறையின் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். இணையதளம் அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. அதனால்தான் முகப்புப் பக்கம் முழுக்க அவர் படம் இருந்தது. பிள்ளைக்கு அப்பா முகம் இருப்பது இயல்புதானே? பரிசோதனைக்கு இதுவரை வந்தவர்களில் ஒருவருக்கும் கேட்ட விவரம் கிடைக்கவில்லை. ஆனால் கடைசியில் கருத்துக் கேட்டால் எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார்கள். மேலே போன அறிக்கையில் நட்சத்திரத்துக்கு மட்டும்தான் இடம் இருந்தது. அதைப் படித்துப் பூரித்துப் போய்த்தான், இன்று நேரிலேயே கேட்டு மகிழலாமென்று இயக்குநர் வந்திருந்தார்.

வாய்ப்பூட்டு ஒரு அட்டையை நீட்டினான். ‘கணக்கெடுப்பில் நீங்கள் சொல்லும் விவரங்களை வேறு யாருக்காவது கொடுப்பார்களா? கண்டுபிடிக்கவும்.’

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் மண்டைக்குள் இருந்ததை யார் அட்டையில் அச்சடித்தார்கள்?

“ஒரே விதிதான்க்கா. மனசுல படறதை எல்லாம் சத்தமாச் சொல்லிக்கிட்டே தேடணும். பக்கத்து ரூம்ல எங்க ஆளுங்க கேட்டுக்கிட்டிருப்பாங்க. நான் இனிமே பேச மாட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

அக்கா கொடுத்த அளவுக்குத் தைப்பவர். எல்லாத்தையும் என்றால் எல்லாத்தையும்தான்.

“பெரிய போட்டோ. லட்சணமாத்தான் இருக்காரு. சட்டைதான் தோள்ல இழுக்குது. தொப்பை போட்டதுக்கு அப்புறம் அளவெடுக்கலை போல. கொஞ்சம் பிரிச்சு விட்டா சரியாயிடும்.”

பக்கத்து அறையில் இயக்குநர் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“இதை அழுத்தறேன்… மறுபடியும் அவரே வர்றாரு. ‘இயக்குநர் உரை.’ ‘எமது தொலைநோக்கு.’ எனக்குக் கிட்டத்துல இருக்கறது தெரிஞ்சாப் போதும். ‘வெளியீடுகள்’… ஐயையோ, என்னமோ இறங்குது தம்பி! எதையாவது கெடுத்துட்டேனா?”

வாய்ப்பூட்டு இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து நசுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“‘பொதுவான கேள்விகள்.’ இதுல இருக்கும். ‘இத்துறை தொடங்கப்பட்ட ஆண்டு எது?’ இதை யாருய்யா கேட்டா?”

இன்னும் நாலைந்து இடத்தில் நுழைந்து வெளியே வந்தார். சுற்றிச் சுற்றி இயக்குநரின் முகத்திலேயே வந்து நின்றார். குரல் இறங்கிவிட்டது.

“கிடைக்கலை. எனக்குத்தான் புத்தி போதலை. இதே கேள்விதான் எனக்கு வீட்டுலயும் இருக்கு. வெள்ளிக்கிழமை தங்கச்சி பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் பூங்காவுலதான் உட்காரணும். வீட்டுல மூணே பேருன்னு சொல்லிடுவேன். பொய்தான். ஆனா ஓனருக்குத் தெரிஞ்சா ஆறு பேரும் தெருவுலதான். சின்னவனுக்கு வேற சளி…” சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். “இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ?”

விதிப்படி வாய்ப்பூட்டு பதில் சொல்லக் கூடாது. சொல்லவில்லை. முகம் மட்டும் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. அதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

கருத்துத் தாளை நீட்டினான். அக்கா அவனை ஒருமுறை பார்த்துவிட்டு ஐந்து நட்சத்திரம் போட்டார்.

கதவு திறந்தது. தோளில் இழுக்கும் சட்டையோடு இயக்குநர் நின்றார். அக்கா அடையாளம் தெரிந்து பதறி எழுந்தார்.

“உட்காருங்கம்மா.” அவர் தாளைப் பார்த்தார். “ஒண்ணுமே கிடைக்கலையே. அப்புறம் எதுக்கு அஞ்சு நட்சத்திரம்?”

“பாவம் சார் இந்தத் தம்பி. வாயே திறக்காம உட்கார்ந்திருந்தாரு. குறைச்சுப் போட்டா இவர் வேலைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு…”

இயக்குநர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நீங்க சொல்ற எதுவும் ஓனருக்குப் போகாதும்மா. யாருக்குமே போகாது. எங்க ஆளுங்களே வெளியே சொன்னா அவங்களுக்குத் தண்டனை. இதுலயே எழுதியிருக்கோமே, பாருங்க!”

அவர் விரல்கள் பறந்தன. இயக்குநர் உரை, அதற்கு அடியில் சட்டப் பின்னணி, அதற்குள் ஒரு பிரிவு, அந்தப் பிரிவின் கடைசி வரி. “இதோ! எவ்வளவு சுலபம்!”

அக்கா அந்த வரியை உதடசைத்து இரண்டு தடவை படித்தார். கண் கலங்கிவிட்டது. ஆனாலும் சொன்னார்: “வெச்சவருக்கு உடனே கிடைக்குது சார். கடையில நூல்கண்டை எங்க போட்டாலும் எனக்குக் கிடைச்சிடும். என் வீட்டுக்காரர் தேடினா கடையே தலைகீழாயிடும். அவருக்கு நான் இருக்கேன், எடுத்துக் குடுப்பேன். இங்க யாரு சார் எடுத்துக் குடுப்பா?”

இயக்குநர் முகப்புப் பக்கத்துக்குத் திரும்பிப் போய்த் தன் படத்தைப் பார்த்தார். பிறகு வாய்ப்பூட்டு பக்கம் திரும்பினார். “இதுக்கு முன்னாடி வந்தவங்க?”

“ஒருத்தருக்கும் கிடைக்கலை சார்.”

“ஏன்யா சொல்லலை?”

“அறிக்கையில இடமில்லை சார்.”

“அப்போ நம்ம கணக்குல வராத ஜனமெல்லாம் பூங்காவுலதான் உட்கார்ந்திருக்கா?”

வாய்ப்பூட்டு தலையாட்டினான். இப்போது அதற்குத் தடையில்லை.

“என் போட்டோவை எடு. ‘நீங்கள் சொல்வது வீட்டு ஓனருக்கும் வேறு யாருக்கும் போகாது.’ இதைப் பெரிய எழுத்துல அந்த இடத்துல போடு. இன்னிக்கே.”

“சரி சார். ஜனங்களுக்கு இணையதளத்துல தேடறது எப்படின்னு ஒரு பயிற்சி முகாம் திட்டமிட்டிருக்கோமே, அது சார்?”

இயக்குநர் முறைத்த முறைப்பில் முகாம் அங்கேயே கலைந்தது.

“சார், அந்தத் தாளைக் குடுங்க” என்றார் அக்கா. மூன்று நட்சத்திரங்களை அடித்துவிட்டு, கூச்சத்தோடு நீட்டினார். “ஒண்ணு போடத்தான் நினைச்சேன் சார். மனசு வரலை. கலர் நல்லா இருக்கு.”

இயக்குநர் சிரித்துவிட்டார். சிரிப்பு முடிந்ததும் தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“உங்களுக்குப் புத்தி போதலைன்னு இனிமே சொல்லாதீங்கம்மா. ஜனங்களுக்காக எழுதினது ஜனங்க கண்ணுல படலைன்னா, அது எழுதாததுக்குச் சமம். அந்தத் தப்பு தேடினவங்க மேல இல்லை, வெச்ச எங்க மேலதான். வெள்ளிக்கிழமை ஆறு பேரும் வீட்டுலயே இருங்க.”