பெயர் சொல்லாத நாற்பத்தோரு பேர்

ஆர்வில் ஸ்டாம்பருக்கு அன்று மாலை மூக்குக்கு மேல் கோபம். பள்ளிக் குழுவின் தலைவர் அவர்தான். வழக்கமாகக் கூட்டத்துக்கு நாலு பேர் வருவார்கள், அதிலும் இரண்டு பேர் குளிருக்கு ஒதுங்க வந்தவர்களாக இருப்பார்கள். அன்று உயர்நிலைப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. பேசுவதற்கென்று மட்டும் நாற்பத்தோரு பேர் பெயர் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

முடிவு செய்ய இருந்தது ஒரே விஷயம். கண்காணிப்பாளர் கோரின் வாசெக்கை இன்னும் மூன்று வருடம் வைத்துக்கொள்வதா, ஜூன் மாதத்தோடு வீட்டுக்கு அனுப்புவதா?

டன்லோ மேட்டு வட்டாரத்தின் ஆறு பள்ளிகளும் அந்த அம்மாளின் பொறுப்பு. பனி உறைந்த நாட்களில் பள்ளி உண்டா இல்லையா என்று காலை ஐந்தரைக்குள் சொல்ல வேண்டியவரும் அவர்தான். ஜனவரியில் ஒரு நாள் ‘உண்டு’ என்றார். ஆறு ஐம்பத்தைந்துக்கு ஒன்பதாம் எண் பேருந்து குவாரி சாலைப் பாலத்தில் வழுக்கி, ஓடைக்கரையில் போய்ச் சாய்ந்தது. பத்தொன்பது பிள்ளைகளில் பதினெட்டுப் பேருக்குக் கீறல்கூட இல்லை. ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் தோள் எலும்பு முறிந்தது. அவள் டெஸ்ஸா, பதினோரு வயது, ஆர்விலின் பேத்தி.

எலும்பு சேர்ந்துவிட்டது. தாத்தாவின் மனசுதான் சேரவில்லை.

அதைவிட அவரை எரித்தது கோரின் சொன்ன பதில். என்ன ஆச்சு என்று குழு கேட்டபோது, “முடிவு நான் எடுத்தது. பொறுப்பு என்னோடது,” என்றதோடு நிறுத்திக்கொண்டார். மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. என்ன திமிர் பாருங்கள் என்று ஆர்வில் தன் தீவனக் கடைக்கு வந்த மாட்டுக்காரர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார். குழுவில் ஐந்து பேர். இரண்டு பேர் அந்த அம்மாள் பக்கம், இரண்டு பேர் எதிர்ப் பக்கம். ஐந்தாவது கை ஆர்விலுடையது.

சுத்தியலால் மேசையைத் தட்டினார். “விதி எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கு மூணு நிமிஷம். எங்ககிட்ட வேலை பார்க்கிற யாரைப் பத்தியும் பேர் சொல்லிப் பேசக் கூடாது. திட்டவும் கூடாது, புகழவும் கூடாது.”

முதலில் எழுந்தவர் லைல் ஹென்ஸ்லி, அன்று ஒன்பதாம் எண் பேருந்தை ஓட்டியவர்.

“கோரின் மேடத்தைப் பத்தி நான் சொல்ல வந்தது…”

சுத்தியல் விழுந்தது. “லைல், பேர்.”

“சரி, அந்த மேடம்…”

மறுபடி விழுந்தது. “உக்காருப்பா.”

லைல் முகம் சிவந்து உட்கார்ந்தார். கூட்டம் முணுமுணுத்தது. அடுத்து வந்தவள் ட்விலா, மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கும் செவிலி. ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

“நான் ஆளைப் பத்திப் பேசலைங்க. ரோட்டைப் பத்திப் பேசுறேன். ரோட்டைப் பத்திப் பேசலாமில்ல, தலைவரே?”

ஆர்வில் ஓரத்திலிருந்த குழுவின் வழக்கறிஞரைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கினார்.

“டிரை ஃபோர்க் ரோடு. பனி விழுந்த நாள்ல விடிகாலை மூணே முக்காலுக்கு நான் வேலை முடிஞ்சு வருவேன். அங்க ஒரு சாம்பல் கலர் கார் நிக்கும். ஒருத்தங்க இறங்கிக் குதிகாலால ரோட்டைத் தேய்ச்சுப் பார்ப்பாங்க. அப்புறம் ஏறிப் போயிடுவாங்க. மூணு வருஷமா பார்க்கிறேன். யாருன்னு நான் சொல்லலை.”

கூடம் சிரித்தது. ஓரத்து நாற்காலியில் கோரின் வாசெக் தலைநிமிரவே இல்லை.

அதற்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராக வரத் தொடங்கினார்கள். பால் பண்ணை பர்டெட் வந்தார். “செடார் லேன். மூணு அம்பத்தஞ்சு. நான் கறக்கப் போற நேரம். என் நாய்கூட இப்பக் குரைக்கிறதில்ல, அவ்வளவு பழக்கம். நான் இது எனக்கு மட்டுந்தான் தெரியும்னு இருந்தேன்.” தேவாலயப் பாதிரியாரின் மனைவி வந்து, “பெத்தேல் மேடு. நாலு அஞ்சு,” என்று சொல்லிவிட்டு, மிச்ச நிமிடங்களைத் தானம் செய்வதாகச் சொல்லி உட்கார்ந்தார். நாலு மாதத்துக்கு முன் குடிவந்த ஒரு இளைஞன், “எங்க வளைவுல கார் நின்னப்ப நான் போலீஸுக்குப் போன் பண்ணிட்டேங்க. அவங்க சிரிச்சாங்க. ‘ஐஸ் பார்க்க வந்திருப்பாங்க, தூங்கு தம்பி’ன்னாங்க,” என்றான்.

ஆர்வில் முன்னால் பேருந்துத் தடங்களின் வரைபடம் கிடந்தது. கை சும்மா இருக்காமல், சொன்ன இடத்திலெல்லாம் பேனாவால் ஒரு புள்ளி வைத்து நேரத்தைக் கிறுக்கிக்கொண்டிருந்தார். இருபது புள்ளி வரைக்கும் அதில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. முப்பதாவது புள்ளியில் பேனா நின்றது.

புள்ளிகள் கோடாகச் சேர்ந்திருந்தன. வடக்கே இரண்டேகால் மணிக்குத் தொடங்கி, ஒவ்வொரு பேருந்துத் தடமாக ஏறி இறங்கி, வட்டாரம் முழுவதையும் சுற்றி வந்திருந்தது கோடு. அறுபது மைல். வழுக்குகிற இருட்டில், தனியாக, பனி விழுந்த ஒவ்வொரு நாளும். ஆர்வில் அந்த மலையில் பிறந்து அறுபத்தாறு வருடம் ஆகிறது. அந்தச் சாலைகளில் சிலவற்றில் அவர் குளிர்காலத்தில் கால் வைத்ததே கிடையாது. இந்தக் கூடத்தில் ஆளுக்கொரு துண்டு தெரிந்திருக்கிறது, முழுசாக யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஆனால் கோடு ஓர் இடத்தில் அறுந்திருந்தது. குவாரி சாலைப் பாலத்துக்கு ஒரு மைல் முன்னால். ஆக, அங்கே மட்டும் போகவில்லை. அவர் சுத்தியலை இறுக்கிப் பிடித்தார்.

“கடைசிப் பேர்,” என்று எழுத்தர் வாசித்தார். “நடீன் ஸ்டாம்பர்.”

ஆர்விலின் மனைவி. அவள் பெயர் கொடுத்ததே அவருக்குத் தெரியாது. முழங்கால் வலியோடு மெல்ல நடந்து வந்து நின்றாள்.

“தலைவர் அவர்களே, வீட்டுல மூணு தடவை இதைச் சொல்ல வந்தேன். மூணு தடவையும் கையை உதறிட்டு எழுந்து போயிட்ட. இங்க மூணு நிமிஷம் நீ கேட்டே ஆகணும். உங்க விதி.”

கூட்டம் ஓவென்று சிரித்து, உடனே அடங்கியது.

“எங்க வீடு பாலத்துக்குப் பக்கத்துல. முட்டி வலியில எனக்குத் தூக்கம் கிடையாது, சமையலறை ஜன்னல்ல உக்காந்திருப்பேன். அன்னைக்குக் காலைல அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கு, கார் வந்துச்சு. ஒருத்தங்க இறங்கிப் பாலத்துல இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் நடந்தாங்க. திரும்பி வர்றப்ப வேற பக்கமா நடந்தாங்க. மண்டி போட்டுக் கையுறையைக் கழட்டி வெறுங்கையால தொட்டுப் பார்த்தாங்க. காய்ஞ்சு கிடந்துச்சு. ஆறே காலுக்குத்தான் தூறல் போட்டுச்சு. போட்டது அப்படியே உறைஞ்சுச்சு. அப்ப அங்க பார்க்க யாரும் இல்ல.” கொஞ்சம் நிறுத்தினாள். “நான் இருந்தேன். டீ குடிச்சிட்டு ஜன்னல்லயே இருந்தேன். நீ உள்ள குறட்டை விட்டுட்டு இருந்த. குத்தம் யாரோடதுன்னு இப்ப நீ சொல்லு.”

மூன்று நிமிடம் முடிந்ததென்று சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் போய் உட்கார்ந்தாள். ஆர்வில் வரைபடத்தில் பாலத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தார். கோடு சேர்ந்துவிட்டது.

அவர் கோரினைப் பார்த்தார். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாமே, ஏன் சொல்லவில்லை? கேட்க வாயெடுத்தார், விதி தடுத்தது. கேட்காமலே விளங்கியது. பாலத்தைப் பார்த்தேன், காய்ந்துதான் கிடந்தது என்று சொன்னால் பழி லைலின் மேல் போயிருக்கும். ஓட்டுநரைக் காட்டிக் கொடுக்காமல் அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அதைத்தான் ஆர்வில் திமிர் என்று ஊரெல்லாம் பேசித் திரிந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் மீறி, பெரிய மலையின் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல் இருந்தது.

வாக்கெடுப்பில் ஐந்தாவது கை உயர்ந்தது. மூன்று பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு. கோரின் வாசெக் இருப்பார்.

பதினோரு நாள் கழித்து மறுபடி பனி உறைந்தது. ஐந்துக்குப் பத்து நிமிடத்தில் சாம்பல் நிறக் கார் குவாரி சாலையில் திரும்பியபோது, பாலத்தின் முனையில் ஆர்வில் நின்றுகொண்டிருந்தார். கையில் டார்ச், காலடியில் இரண்டு வாளி மணல்.

“பாலம் காய்ஞ்சிருக்கு மேடம். நானே நடந்து பார்த்தேன்.”

கோரின் கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தார். பிறகு அவருக்குப் பின்னால், மேட்டில் ஏறிப்போகும் சாலையைப் பார்த்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்குக்கு ஓர் ஆளாக வாளியோடு நின்றார்கள். டிரை ஃபோர்க் சாலையிலிருந்து பெத்தேல் மேடு வரை அப்படித்தான் என்று வழியெல்லாம் பார்த்தே வந்திருந்தார் அவர், கண்கள் நனைந்திருந்தன.

இருந்தாலும் இறங்கினார். பாலத்தில் போய் நடந்து, திரும்பி வந்து, கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தார்.

“ஆறே காலுக்கு என்ன ஆகும்னு தெரியாது, மிஸ்டர் ஸ்டாம்பர்.”

“தெரியாது மேடம். அதான் இருக்கேன். பஸ் தாண்டுற வரைக்கும் இருப்பேன்.”

கோரின் தலையசைத்துவிட்டுக் காரில் ஏறினார். ஐந்து இருபதுக்கு எல்லா வீட்டுப் போனும் ஒலித்தது. பள்ளி உண்டு.

ஆறு இருபதுக்குத் தூறல் போட்டது. ஆர்வில் இரண்டு வாளி மணலையும் கொட்டிப் பரப்பிவிட்டு, நடீன் நொண்டி நொண்டிக் கொண்டுவந்த அடுப்புச் சாம்பலையும் பரப்பினார். ஆறு ஐம்பத்தைந்துக்கு லைல் ஒன்பதாம் எண் பேருந்தை ஆமை வேகத்தில் ஓட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டினார். மூன்றாவது ஜன்னலில் டெஸ்ஸா, அங்கே நின்றது தாத்தா என்று தெரியாமல் தூங்கிக்கொண்டு போனாள்.