லாக் ஆஃப் ஆக இருபது நிமிடம்

மூன்று வாரமாக எங்கள் அலுவலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஐந்தரைக்கு லாக் ஆஃப் கொடுத்தால், ஐந்தே முக்கால் தாண்டியும் திரையில் 'காத்திருக்கவும்' என்றே நிற்கும். பாதியில் அணைத்தால் செய்த வேலையெல்லாம் போய்விடும் என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அதனால் முப்பது பேரும் பையை மாட்டிக்கொண்டு தவம் கிடப்பார்கள், பஸ்ஸை விடுவார்கள், என்னைத் திட்டுவார்கள். சிஸ்டம் பார்ப்பவன் நான் ஒருவன்தானே, வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அன்று எல்லோரும் போன பின்னும் பதிவேட்டுப் பிரிவு அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தார். "தம்பி, இன்னைக்காவது இது என்னன்னு பாரேன். பிள்ளைய ட்யூஷன்ல இருந்து கூட்டிட்டு வரணும்."

"இருங்கக்கா, ஒரு கை பாத்துடறேன்."

என் இடத்திலிருந்தே அவருடைய கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, அந்த நேரத்தில் என்னதான் ஓடுகிறது என்று பார்த்தேன். ஒரு சின்ன புரோகிராம் எதையோ சர்வருக்கு நகலெடுத்துக்கொண்டிருந்தது. தெரிந்த பெயர்தான். மூன்று வாரத்துக்கு முன் மேனேஜர் ஒரு பென் டிரைவைக் கொடுத்து, "பேக்கப் சாஃப்ட்வேர், எல்லா மெஷின்லயும் போட்டுடு" என்றார். போட்டேன். மேனேஜர் கொடுத்ததை யார் பிரித்துப் பார்ப்பது? அந்தச் சோம்பலுக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

போய்க்கொண்டிருந்தது பேக்கப் இல்லை. படங்கள். அக்காவின் திரையில் தெரிந்ததையெல்லாம் நிமிடத்துக்கு ஒன்றாகப் பிடித்த படங்கள், மொத்தம் நானூற்று எண்பது. போய்ச் சேரும் இடம் மேனேஜரின் ஃபோல்டர்.

மாலை நான்கு மணிப் படம் ஒன்றைத் திறந்தேன். தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம். புதிதாகச் சேர்ந்த பெண்களை மேனேஜர் தனியாக அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவது பற்றி, தேதியோடு, நேரத்தோடு, அழுதவர்களின் பெயர்களோடு.

"படிச்சிட்டியா?" அக்கா என் பின்னால் நின்றிருந்தார்.

"அக்கா, இது அவருக்குப் போயிட்டிருக்கு."

காலையில் பிடித்தது முதலில் போகும், மாலையில் பிடித்தது கடைசியில். போய்ச் சேர்ந்த படங்களின் எண்ணிக்கை திரையில் ஓடியது. இருநூற்றுப் பத்து. இருநூற்று முப்பது. மேனேஜர் அறையில் இன்னும் விளக்கு எரிந்தது. ஓடிப்போய் அக்காவின் மேஜைக்கடியில் புகுந்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். மூன்றே விநாடியில் லாக் ஆஃப் முடிந்தது.

"தப்பிச்சோம்க்கா! லெட்டர் போகல." சட்டையெல்லாம் தூசியோடு எழுந்தேன். சிரிப்புகூட வந்தது.

அக்கா சிரிக்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கு ஆரம்பிச்சதில்லப்பா. ஒரு வாரமா எழுதறேன்."

ஒரு வாரம். தினமும் மாலை இந்தத் திரை முன்னால் உட்கார்ந்து, ஒரு படம்கூடக் குறையாமல் போய்ச் சேரும்வரை அவரே காவல் இருந்திருக்கிறார், என் பேச்சைக் கேட்டு.

மேனேஜர் அறைக் கதவு திறந்தது. "என்னப்பா, சரியாயிடுச்சா?" என்று என்னைக் கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் அக்காவைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் உள்ள வாங்கம்மா. தம்பி, நீ கிளம்பு."

அக்கா என் கையைப் பிடித்தார். பொய் சொல்ல மாட்டேன், எனக்குக் கால் வாசல் பக்கம்தான் இழுத்தது.

"நானும் வர்றேன் சார்." நாக்கு குழறியது. "கதவு திறந்தே இருக்கட்டும்."