அறிவு வங்கி

அக்கா மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது, சுவரில் மாட்டிய பெரிய திரையில் அவள் பெயர்தான் முதலிடத்தில் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நூறு சதவீதம். நாளை முதல் வர வேண்டாம் என்று மதியம்தான் சொல்லியிருந்தார்கள். திரையை அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதினால் கோபம் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. எங்கள் சரக்கு நிறுவனத்தில் எந்தச் சரக்கை எந்த லாரியில் ஏற்றுவது, எந்த வழியில் அனுப்புவது என்று முடிவு செய்கிறவள் அக்கா. நான் அதே மாடியில் கணக்குப் பிரிவு. சென்ற ஆண்டு 'அறிவு வங்கி' என்று ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். வேலையில் தெரிந்ததையெல்லாம் அவரவர் அதில் எழுதிப் போட வேண்டும். தெரிந்ததில் யார் எத்தனை சதவீதம் போட்டார்கள் என்பது திரையில் தெரியும். அக்கா சாப்பாட்டு நேரத்தில்கூட எழுதினாள். அதே வேலை பார்க்கும் பக்கத்து மேசைக்காரர் மட்டும் ஒரு வரி எழுதவில்லை. கேட்டால் சிரிப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கல்லுளிமங்கன்.

ஊழியர்களின் அறிவும் மூலதனம்தான், அதைத் திரட்டினால் லாபம் ஏறும் என்று நான் படிக்கும் மாலை நேர மேலாண்மை வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். திரட்டி முடித்த பிறகு ஊழியரை என்ன செய்வது என்று பாடத்தில் இல்லை. நான்தான் கவனிக்கவில்லையோ என்று பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். இல்லைதான்.

மேலாளர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"நூறு போட்டவங்களையா சார் வீட்டுக்கு அனுப்புவீங்க?"

"நூறு போட்டதாலதாம்மா. அவங்களுக்குத் தெரிஞ்சது முழுக்க நம்மகிட்ட வந்துடுச்சு. இனி சிஸ்டமே பார்த்துக்கும்."

"பக்கத்து மேசைக்காரர் ஒரு வரி எழுதலயே சார்."

"அவரை எப்படிம்மா அனுப்ப முடியும்? அவர் தலைக்குள்ள என்ன இருக்குன்னே நமக்குத் தெரியாதே." பிறகு தன் கணினியைப் பார்த்துச் சொன்னார்: "நீ இன்னும் அறுபதுலயே நிக்கற. சீக்கிரம் முடி."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். வெடித்துச் சிரித்தாள். பாதியில் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆனது.

"அவன் தலைக்குள்ளயா? தினமும் காலையில என்கிட்ட கேட்டுட்டுத்தாண்டி வேலையே ஆரம்பிப்பான்."

"அதை அங்க சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"பாவம்னு விட்டேன்."

"பாவம் பார்த்ததுக்குத்தான் வீட்டுல உட்கார்ந்திருக்க."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். வகுப்புக்குப் போகவில்லை. அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் போன் ஒலித்தது. கை ஈரம் என்பதால் நான் எடுத்து, அவளுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு சமையல் மேடைமேல் வைத்தேன்.

"அக்கா, நான்தான்." கல்லுளிமங்கன். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. "நாளைக்குக் கண்ணாடி லோடு ஒண்ணு இருக்கு. பாலத்தை வேற மூடிட்டாங்களாம். சிஸ்டத்துல தேடினா என்னென்னமோ வருது, ஒண்ணும் புரியலக்கா. எந்த வண்டியில ஏத்தறது?"

அக்கா குழாயை மூடினாள். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினேன். கண்கள் சற்று மேலே போயிருந்தன. மனதுக்குள் வண்டிகளைப் பிரிக்கிறாள், வழியை மாற்றிப் பார்க்கிறாள். உதடுகள் பிரிந்தன.

போனின்மேல் உள்ளங்கையை அழுத்தினேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் விரல்களிலிருந்து நீர் தரையில் சொட்டியது. என் கைக்கு அடியில் அந்தக் குரல் அதிர்ந்துகொண்டே இருந்தது. "அக்கா, இருக்கீங்களா? அக்கா?"