முதுகில் வைத்த சூடு

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் சிவனேஸ்வரி வீட்டுக்குச் சீன வைத்தியர் வந்து போன செய்தி, அந்த வைத்தியர் அம்மா தன் காரை எடுக்கும் முன்பே தெருவின் மறுமுனையை எட்டிவிட்டது. எட்டாதா பின்னே? பக்கத்து வீட்டில் இருப்பது பிரியந்தி அல்லவா!

"மூலிகையும் உப்பும் கட்டின பொட்டலம் பிள்ளை. சூடாக்கி முதுகிலை வைச்சால் நெஞ்சுச் சளி இளகுமாம். டொக்டர் தந்த மருந்தையும் நிப்பாட்டக் கூடாதாம்," என்றாள் சிவனேஸ்வரி.

"கடைசியிலை அண்ணைக்கு, மாட்டுக்கு வைக்கிற மாதிரிச் சூடு வைக்கிறியள் எண்டு சொல்லுங்கோ!" என்றாள் பிரியந்தி.

சிவனேஸ்வரியும் சிரித்தாள். அன்றிலிருந்து அந்த வைத்தியத்துக்கு வீட்டில் அதுதான் பெயர். "இஞ்சாருங்கோ, சூடு வைக்கட்டோ?" என்று கேட்டுக்கொண்டே கணவரைப் புரட்டுவாள்.

பக்கவாதம் வந்து யோகலிங்கம் இரண்டு வருடமாகக் கட்டிலோடு. நெஞ்சில் கிருமி தொற்றி மூன்று தடவை ஆஸ்பத்திரி. கடைசித் தடவை திரும்பி வந்ததும் குழறிக் குழறி ஒன்றே ஒன்று சொன்னார்: "இனி அனுப்பாதையும்." அவளும் சத்தியம் செய்து கொடுத்தாள். சாவதென்றாலும் வீட்டில்தான்.

செவ்வாய்க்கிழமை வந்த நர்ஸ் அவர் முதுகில் உள்ளங்கையளவு சிவப்பைக் கண்டாள். பொட்டலம் அன்று கொஞ்சம் கூடுதலாகச் சுட்டிருந்தது. உணர்ச்சியற்ற பக்கம்; அவருக்குத் தெரியவில்லை. நர்ஸ் போனில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தாள். சென்னைப் பக்கத்து இளைஞன்.

"அம்மா, முதுகுல என்ன காயம்னு கேக்குறாங்க."

"சூடு வைச்சனான், தம்பி."

"நீங்களேவா?"

"ஓம். ஒவ்வொரு நாளும் நான்தான் வைக்கிறனான்."

"ஏம்மா... அவரு என்ன பண்ணாரு?"

"அவருக்கு ஒண்டும் செய்ய ஏலாது, தம்பி."

அவன் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். நர்ஸின் முகம் மாறியது. பின்னேரமே அம்புலன்ஸ் வந்துவிட்டது. மனைவி கணவருக்குச் சூடு போட்டு வதைக்கிறாளாம். விசாரணை முடியும்வரை அவர் வீட்டில் இருக்கக் கூடாதாம்.

பிரியந்தி விழுந்தடித்து ஓடிப் போய், "அது நான் சிரிக்கச் சொன்ன பகிடி" என்று ஆங்கிலத்தில் அழுது சொன்னாள். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கட்டிலருகே காவலுக்கு ஒருத்தி.

"பிள்ளை, நான் அவரைத் தொடலாமோ எண்டு கேளும்," என்றாள் சிவனேஸ்வரி, கூட வந்த பிரியந்தியிடம். நாற்பத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவள்.

காவலிருந்தவள் தாளைப் புரட்டிப் பார்த்தாள். கையைத் தொடலாமாம்.

யோகலிங்கத்தின் நெஞ்சு களகளத்தது. "வீட்டை..." என்றார்.

"ஓம். நாளைக்குப் போவம்."

நாலாம் நாள் காலை, அவள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கையில், அவர் போய்விட்டார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்த பிறகு, விசாரணை முடிவுக் கடிதம் வந்தது. பிரியந்திதான் வாசித்தாள். தெருவுக்கே கேட்கும் அந்தக் குரலை, பக்கத்தில் இருந்தவளே காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"உங்களிலை பிழை ஒண்டும் இல்லையாம், அக்கா. அண்ணையை... வீட்டை கூட்டிக்கொண்டு வரலாமாம்."

"அப்பிடியே போட்டிருக்கு?"

"ஓம்."

"திருப்பி வாசியும்."