தொட்டிக்குள் யாரும் இல்லை

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. ஞாயிறு மதியம், சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி, பக்கத்து மேசை. ஒரு பெண் எதிரே இருந்தவரிடம் சொன்னாள்: "நீங்க உள்ளதான் இருந்தீங்க. என் சிஸ்டம் யாரும் இல்லைன்னு சொல்லிடுச்சு." என் பிரியாணி ஆறிப்போனது. காதில் விழுந்தது அவ்வளவுதான், மற்றதெல்லாம் என் சரக்கு.

2

பெயர் வைக்கிறேன். அவள் ஜெனிவீவ், குவீன்ஸ்டவுன்காரி, நிரல் எழுதுபவள். அவர் அருண்ராஜ், கப்பல் பட்டறையில் கப்பல்களின் எண்ணெய்த் தொட்டிகளுக்குள் இறங்கி வெல்டிங் செய்பவர். (முதல் பிரதியில் அவருக்கு நோயாளி மனைவி இருந்தாள். மலிவான தந்திரம், நீக்கிவிட்டேன்.)

தொட்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்பதை, அவள் எழுதிய நிரல்படி, மூன்று கணினிகள் சேர்ந்து நினைவில் வைக்கின்றன. ஒன்று படுத்துவிட்டாலும் மற்ற இரண்டும் சமாளிக்கும். விதி எளிது: இரண்டிலாவது எழுதிய பிறகே 'பதிவாகிவிட்டது' என்று சொல்ல வேண்டும். ஜெனிவீவ் வேகத்துக்காக ஒன்றில் எழுதியதுமே சொல்ல வைத்தாள். அவள் பயன்படுத்திய ரஸ்ட் என்ற நிரல்மொழி அற்பப் பிழைக்கும் முகம் சுளிக்கும். இந்த அவசரத்தை மட்டும் கண்டுகொள்ளவில்லை.

3

அருண்ராஜ் தொட்டி வாசலிலிருந்த கருவியில் தன் பாஸ் அட்டையைத் தட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. அட்டையை வாசல் பலகையில் மாட்டிவிட்டு இறங்கினார். ஆனால் பச்சை எரிந்த அதே நொடியில், பதிவை மற்ற இரண்டுக்கும் அனுப்பும் முன்பே, முதல் கணினியின் தொடர்பு அறுந்திருந்தது. மற்ற இரண்டும் கலந்து பேசி முடிவெடுத்தன: தொட்டி காலி. பொய் சொல்லவில்லை பாவம், இரண்டுக்கும் தெரியாது.

ஜெனிவீவ் பதறியடித்து ஓடி... (இல்லை. அவள் அன்று அங்கே இல்லவே இல்லை.)

மூடியைப் போட வந்தவர்களைத் தடுத்தவர் வாசல் காவலுக்கு நின்ற ஸைஃப். "ஸ்கிரீன் காலின்னு சொல்லட்டும்லா. அவர் பாஸ் இன்னும் போர்டுல தொங்குது."

4

உயிர் தப்பியது. பழி தப்பவில்லை. அட்டையைச் சரியாகத் தட்டவில்லை என்று நிறுவனம் அருண்ராஜ் மேல் எழுதிவிட்டது. நாளைக் காலை விசாரணை. குற்றம் அவருடையது என்று முடிவானால் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

"தப்பு என்னோடதுன்னு மெயில் டைப் பண்ணிட்டேன்," என்று உணவங்காடி மேசையில் கைபேசியை வைத்தபடி ஜெனிவீவ் சொல்கிறாள். "இன்னும் அனுப்பல."

"அனுப்பினா உங்க வேலை போயிடும் மேடம்."

"ம்."

"அனுப்பாட்டி எனக்குப் போயிடும்."

முடிவு ஒன்று: அனுப்புகிறாள். முடிவு இரண்டு: கைபேசியைப் பையில் போட்டுக்கொள்கிறாள். எனக்கு முதலாவதுதான் வேண்டும், ரொம்பவே வேண்டும். ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் அவள் அழுத்துவதற்கு முன்பே நான் 'அனுப்பினாள்' என்று எழுதினால், அவள் செய்த அதே அவசரத்தை நானும் செய்தவனாவேன்.

ஆகவே கைபேசி மேசை மேலேயே இருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு நீங்களும் உட்காருங்கள். அருண்ராஜ் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.