ஒன்பது நிமிட மௌனம்

வடக்கே ஒரு போலீஸ்காரன் ஒரு கறுப்பு மனிதனின் கழுத்தில் ஒன்பது நிமிடம் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்ற கோடை அது. மிசிசிப்பியில் இருந்த ஒரு கோழி வெட்டும் ஆலைக்குத் தன் லைனில் நிற்பவர்கள் எல்லாம் கறுப்பர்கள் என்பது திடீரென்று ஞாபகம் வந்தது.

அலுவலகத்துப் பெய்ஜ் தானே இறங்கி எலும்பெடுக்கிற லைனுக்கு வந்தாள். அவள் போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

“வெர்னிட்டா, வியாழக்கிழமை டிவிக்காரங்க வராங்க. ஒன்பது நிமிஷம் லைனை நிறுத்திட்டு எல்லாரும் முழங்கால் போட்டு மௌனமா இருக்கப்போறோம். முடிஞ்சதும் நீங்க இந்தத் தாளைப் படிக்கணும்.”

“நான் எதுக்கு மிஸ் பெய்ஜ்?”

“நீங்க பேசினா எல்லாரும் கேப்பாங்க.” பெய்ஜ் குரலைத் தாழ்த்தினாள். “பி லைன் சூப்பர்வைசர் இடம் காலியாகுது. மிஸ்டர் ஹாலிஸ் உங்க பேரைத்தான் மனசுல வச்சிருக்கார்.”

வெர்னிட்டா பத்தொன்பது வருஷமாகக் கத்தி பிடிக்கிறாள். சூப்பர்வைசர் இடத்துக்கு ஐந்து முறை எழுதிப்போட்டாள். ஐந்து முறையும் மீசை சரியாக முளைக்காத வெள்ளைக்காரப் பையன்கள் வந்தார்கள். காலையில் எழுந்தால் அவளுடைய வலது கை விரல்கள் விரியாது. வெந்நீரில் கால்மணி நேரம் ஊறவைத்து, இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். சூப்பர்வைசர் கத்தி பிடிப்பதில்லை. அவளுக்கு அந்த இடம் வேண்டியது அதற்காகத்தான். கை முழுசாகச் செத்துப்போவதற்குள் வேண்டும்.

எதிர்ப்பக்கம் நின்ற ஒடெஸ்ஸா காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள்.

“அடியே, நீ சூப்பர்வைசரம்மா ஆயிட்டா எங்களை ஒண்ணுக்குப் போகவாவது விடுவியாடி?”

“எல்லாரையும் விடுவேன், உன்னைத் தவிர. நீ போனா அங்கேயே குடித்தனம் நடத்துற.”

லைன் முழுக்கச் சிரித்தது. கை மட்டும் நிற்கவில்லை.

வியாழக்கிழமை கேமரா வந்தது. மேனேஜர் ஹாலிஸ் முதல் ஆளாக முழங்கால் போட்டார், அடியில் மடித்த துண்டு வைத்து. பெண்கள் ஈரத் தரையில் போட்டார்கள். லைன் நின்றது. நகர்ந்து வரும் கூம்புகளில் செருகிய கோழிகள் அப்படியே நிற்க, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் வெர்னிட்டா அதைக் கேட்டதே இல்லை. முன்பு இதே லைனில் நின்ற லுயெல்லாவின் விரல் துண்டானபோதுகூட நான்கு நிமிஷம்தான் நிறுத்தினார்கள். செத்துப்போன அந்த மனிதனை நினைத்து அவள் உண்மையாகவே அழுதாள். பிறகு எழுந்து தாளைப் படித்தாள். ‘இந்த நிறுவனம் உங்கள் குரலைக் கேட்கிறது’ என்று அதில் இருந்தது. ஹாலிஸ் கைதட்டினார். டிவிக்காரர்களை கேண்டீனுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே சிவப்பு கேக் வெட்டி வைத்திருந்தார்கள்.

லைன் மறுபடி ஓடியது.

வேகம் காட்டுகிற பெட்டி அலுவலகச் சுவரில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். லைன்காரர்களுக்கு அது தெரியாது, தேவையுமில்லை. வழக்கம்போல நிமிஷத்துக்கு முப்பத்தைந்து கோழி ஓடினால், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிற ஒரு பாட்டு தாளத்தோடு சரியாக உட்காரும். ஒரு தாளத்தட்டுக்கு ஒரு தோள் வெட்டு. அவர்கள் வேகத்தைப் பாடித்தான் அளப்பார்கள்.

வெர்னிட்டா முனகத் தொடங்கினாள். இரண்டாவது அடியிலேயே தாளம் கழன்றது. இன்னும் வேகமாகப் பாடிப் பார்த்தாள். கோழி அதற்கும் முந்தியது.

ஒடெஸ்ஸா நிமிராமலே சொன்னாள்: “நாப்பத்தஞ்சு இருக்கும். நாம முழங்கால் போட்ட நேரத்துல வெட்டாம விட்டுப்போன முந்நூறு கோழியையும் நம்ம கையிலிருந்தே புடுங்குறானுங்க.”

பக்கத்தில் நின்ற புதுப்பெண் ஷமேக்காவுக்கு மூச்சிரைத்தது. “மிஸ் வெர்னிட்டா, என்னால பிடிக்க முடியல. கத்தி வழுக்குது.”

“மெதுவா வெட்டும்மா. விடுறதை விடு.”

“விட்டா பேரை எழுதிருவாங்களே.”

அடுத்த கோழியில் ஷமேக்காவின் கையுறை கிழிந்தது. தோல் தப்பியது.

தலைக்கு மேலே லைனை நிறுத்துகிற சிவப்புக் கயிறு இருந்தது. யாருக்காவது அடிபட்டால் மட்டும்தான் இழுக்கலாம். சும்மா இழுத்தால் எச்சரிக்கைக் கடிதம். வெர்னிட்டா கயிற்றைப் பார்த்தாள். பி லைன் ஞாபகம் வந்தது. வெந்நீர்ப் பாத்திரமும் ஞாபகம் வந்தது. நான்கு கோழிகள் அவளை வெட்டுப்படாமல் தாண்டிப் போயின.

இழுத்தாள்.

சங்கு அலறியது. ஹாலிஸ் வாயோரத்தில் கேக் கிரீமோடு ஓடிவந்தார். பின்னாலேயே டிவிக்காரப் பெண்.

“யாருக்கு அடி?”

“யாருக்கும் இல்ல. வேகத்தைக் கூட்டியிருக்கீங்க.”

“முப்பத்தஞ்சுதான் ஓடுது.”

“அப்ப இந்த அம்மாவைக் கூட்டிட்டுப் போய்ப் பெட்டியைக் காட்டுங்க மிஸ்டர் ஹாலிஸ். நாங்க இங்கயே இருக்கோம்.”

டிவிக்காரப் பெண் ஹாலிஸைப் பார்த்தாள். ஹாலிஸ் பெய்ஜைப் பார்த்தார். பெய்ஜ் தரையைப் பார்த்தாள்.

“அலுவலகத்துக்குள்ள வெளியாள் வரக்கூடாது,” என்றார் ஹாலிஸ். “பாதுகாப்பு விதி.”

“கேண்டீன் வரைக்கும் வரலாமாக்கும்,” என்றாள் ஒடெஸ்ஸா.

பத்து நிமிஷத்தில் வெர்னிட்டா அலுவலகத்தில் இருந்தாள். கடிதம் தயாராக இருந்தது: ‘காரணமின்றி லைனை நிறுத்தினார்.’ பெட்டியில் எண் அணைக்கப்பட்டிருந்தது.

“கையெழுத்துப் போடுங்க,” என்றார் ஹாலிஸ். “அந்த சூப்பர்வைசர் இடத்தைப் பத்தி யோசிக்கவே மாட்டீங்களா?”

“கயித்துல கை வைக்கும்போதே யோசிச்சாச்சு.”

அவள் பேனாவை எடுத்தாள். கையெழுத்துக்கு முன்னால் ஓரத்தில் எழுதத் தொடங்கினாள். விரல் சரியாக விரியவில்லை, உள்ளங்கையால் பேனாவை அணைத்துப் பிடித்து எழுதினாள். ‘மௌனம் முடிந்ததும் வேகத்தைக் கூட்டினார்கள். செத்தவனுக்காக நின்ற நேரத்தை எங்கள் கையிலிருந்து எடுத்தார்கள். அதுதான் காரணம்.’

“அங்க எழுதறதுக்கு இடம் கிடையாது வெர்னிட்டா,” என்றாள் பெய்ஜ்.

“இருக்கே. எழுதிட்டேனே. எனக்கொரு நகல் குடுங்க.”

கதவு திறந்தது. ஏப்ரனோடு ஒடெஸ்ஸா, கிழிந்த கையுறையோடு ஷமேக்கா, அவர்களுக்குப் பின்னால் மாடிப்படி நிறையப் பெண்கள்.

“நகருங்க மிஸ்டர் ஹாலிஸ்,” என்றாள் ஒடெஸ்ஸா. “எங்க குரலைக் கேக்குறதா சொன்னீங்கல்ல? எழுதியே தர்றோம். பேனா எங்கடி?”

வெர்னிட்டா பேனாவை நீட்டினாள். கீழே லைன் நின்றபடி இருந்தது. அதை ஓட்ட அங்கே யாருமில்லை.